வெளுத்த ஈறு

தோட்டத்து ஆபீஸ் வாசலில் தள்ளுவண்டியைப் பார்த்ததுமே பமீலாவுக்குத் தலை கிறுகிறுத்தது. வண்டிக்குள் சாக்கு விரித்து, சாக்கின் மேல் வீட்டு நாய் கோப்பி. வண்டிக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பா. அப்பாவுக்கு எதிரே காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து வேலைக்குப் போக வேண்டிய பாதித் தோட்டம்.

காடியை நிறுத்தியவள் ஸ்டியரிங்கிலேயே நெற்றியை ஒருமுறை முட்டிக்கொண்டாள். நீலாய் தொழிற்சாலையில் ஷிப்டு ஆரம்பித்துக் கையுறை மாட்டுவதற்குள் போன். கோப்பிக்கு விஷம் வைத்துவிட்டார்கள், போலீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா கட் பண்ணிவிட்டார். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. நாய்க்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டபோது சூப்பர்வைசர் பார்த்த பார்வையை இந்த வருட போனஸ் வரைக்கும் மறக்க முடியாது.

அப்பா மைக்கல்ராஜ் இந்த லாபு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, குரல் ஓயவில்லை. இப்போதும் அது செம்பனை வரிசைகளைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. எலி மருந்து வைப்பவன் சன்னாசி. செம்பனை மரத்தடியில் வைக்க வேண்டியதை வேண்டுமென்றே வீட்டுப் பக்கம் போட்டிருக்கிறான். கோப்பி தின்றிருக்கிறது. எலி மருந்து தின்றால் உள்ளுக்குள் ரத்தம் ஒழுகும். நேற்றிலிருந்து கோப்பி தேத்தண்ணி நிறத்தில் மூத்திரம் பெய்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எத்தனை வருஷம் அந்த மருந்தை ஆள் வைத்து வைத்தவன் நான், எனக்குத் தெரியாதா?

சன்னாசி டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காலடியில் அவனுடைய கறுப்பு நாய், கன்றுக்குட்டி உயரத்துக்கு, கொட்டாவி விட்டது.

பகையே அந்த நாயால் வந்ததுதான். வேலை எதுவும் செய்யாமல் நாள் முழுக்கக் குரைப்பதால் சன்னாசி அதற்கு மண்டோர் என்று பேர் வைத்திருந்தான். "மண்டோர், வாடா", "மண்டோர், எலும்பு தின்னு" என்று அவன் சாயங்காலம் சத்தம் போடும்போதெல்லாம் மைக்கல்ராஜ் ஜன்னலை அறைந்து சாத்துவார்.

பமீலா நேராகப் போய்க் கோப்பியின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் படர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் ஆட்ட வேண்டிய வால் சாக்கின் மேல் ஒரு தடவை அசைந்து நின்றுவிட்டது.

அந்த அசைவுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அப்பா, காடியில ஏறுங்க."

"போலீஸ் ஸ்டேசனுக்குத்தான?"

"டாக்டருகிட்ட. ஏறுங்கன்னு சொல்றேன்லா."

*

கிளினிக் இருக்கும் லோபாக் வரைக்கும் அப்பா பேசிக்கொண்டே வந்தார். பமீலாவின் கவனம் கண்ணாடியில் இருந்தது. பின்சீட்டில் கோப்பியின் விலா ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினாள்.

அவளுக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. போன மாதமும் இதே மாதிரி ஈறு வெளுத்தது. அப்போது காரணம் உண்ணி. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் கொத்துக் கொத்தாக. உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தைத் தின்கிறது என்று மிருக டாக்டர் சுபா மாத்திரை கொடுத்தார். பூச்சி மருந்தும் கொடுத்தார். கொக்கிப்புழு இருந்தால் அதுவும் ரத்தம் குடிக்குமாம். ஒரே வாரத்தில் கோப்பி எழுந்து கோழியைத் துரத்தியது. சரி, பிழைத்துவிட்டான் என்று அவளும் நிம்மதியாக ஓவர்டைம் போக ஆரம்பித்தாள். மாத்திரை ஒருநாள் தவறவில்லை. உடம்பில் ஒரு உண்ணி இல்லை. பிறகு ஏன்?

டாக்டர் சுபா வேகமாகப் பேசுகிறவர். இன்று பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஊசியில் ரத்தம் எடுத்தார். பமீலா அதைக் கவனித்தாள்.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. உண்ணிக் காய்ச்சல் அடங்கிவிட்டது, அது இல்லை. எலி மருந்தும் இல்லை. அதைத் தின்றிருந்தால் ரத்தம் உறையாது, கோப்பியின் ரத்தம் ஒழுங்காக உறைகிறது. அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது புது மருந்து வந்திருக்கலாம் என்றார். எந்த மருந்தாக இருந்தாலும் இப்படித்தான் ஐயா என்றார் டாக்டர். சன்னாசி வேறு கம்பெனி மருந்து வாங்கியிருக்கலாம் என்றார் அப்பா. பமீலா கூரையைப் பார்த்தாள்.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். ரத்தம் எங்கேயும் வெளியே ஒழுகவில்லை என்றார். உடம்புக்குள்ளேயே சிவப்பு அணுக்கள் உடைகின்றன. ஒவ்வொரு அணுவின் ஓரத்திலும் கிள்ளி வைத்த மாதிரி ஒரு மொட்டு. உடைந்ததுதான் மூத்திரத்தில் அந்த நிறத்தில் போகிறது.

"இவன் எதையோ தின்னுக்கிட்டே இருக்கான். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, தினமும். அது என்னான்னு தெரியாம நான் புது ரத்தம் ஏத்துனாலும் அதுவும் உடையும். என்ன சாப்பாடு குடுக்குறீங்க ஐயா?"

"வெறும் சோறும் அவிச்ச கோழியும். நீங்க சொன்னபடிதான்."

அப்பா முகத்தில் பொய் இல்லை. பமீலாவுக்கும் அது தெரியும். தினமும் காலையில் கோழியை அவித்து வைத்துவிட்டுப் போவதே அவள்தான். டாக்டர் மேலும் கேட்டார். வேறு மாத்திரை? மனிதர்களுக்கான தலைவலி மாத்திரை ஏதாவது? சில்லறைக் காசு, துத்தநாகம் பூசிய ஆணி, நட்டு இப்படி எதையாவது விழுங்குகிறதா? எல்லாவற்றுக்கும் அப்பா இல்லை என்றார். சாமி சத்தியமாக இல்லை என்றார்.

எக்ஸ்ரேயில் காசும் இல்லை, ஆணியும் இல்லை.

டாக்டர் பமீலாவைத் தனியாக அழைத்தார். வீட்டுக்குப் போய் நாயின் வாய் எட்டுகிற உயரத்தில் இருக்கும் எல்லாவற்றையும் பார்த்துப் போட்டோ அனுப்பச் சொன்னார். அப்பா கோப்பியோடு இங்கேயே இருக்கட்டும். கொஞ்சம் சீக்கிரம். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்குக் குரல் இறங்கியது.

*

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பமீலா வீட்டைச் சுற்றி நாய் மாதிரியே தேடினாள். கோழிக் கூண்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அப்பாவின் டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தாள். தகரக் கொட்டகைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரை மோந்துகூடப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தொழிற்சாலை யூனிபாரம் முழங்கால் வரை செம்மண்.

வேலிக்கு அப்பால் செம்பனை வரிசையில் டிராக்டர் நின்றது. போய்க் கேட்பதற்குக் கால் கூசியது. ஆனாலும் போனாள்.

சன்னாசி பழக்குலையைத் தூக்கி டிரெய்லரில் எறிந்துவிட்டுத்தான் திரும்பினான். எலி மருந்து எங்கெல்லாம் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அவன் மேலே கை காட்டினான். கம்பத்தின் உச்சியில் ஒரு மரப்பெட்டி.

"ஆந்தைக் கூடு. எலியைப் பிடிக்க ஆந்தை வளக்குறாங்க. இந்தப் பக்கம் மருந்து வெச்சா ஆந்தையும் செத்துப்போவும்னு நிப்பாட்டி ரொம்ப நாளாச்சு. உங்கப்பா பென்சன்ல போனப்புறம் வந்த விசயம். அவருக்கு அவரு காலத்துத் தோட்டம்தான் இன்னும் கண்ணுல நிக்கிது."

"இத காலையிலேயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"அவரு எங்க வாயத் தொறக்க விட்டாரு?"

அவள் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தாள். அவன் டிராக்டரை முடுக்கிவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பினால் பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே யாரோ பாத்திரத்தை உருட்டும் சத்தம்.

பமீலா சத்தமில்லாமல் எட்டிப் பார்த்தாள். செல்லம்மா. தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு. இந்தத் தோட்டத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தாய்க்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பத்தியம் வைக்கிறவர் அவர்தான். போன மாதம் அக்கா கேரல் ஜொகூரில் பிள்ளை பெற்றபோது, துணைக்கு அம்மா மட்டும் கிளம்பிப் போய்விட்டதில் செல்லம்மாவுக்கு மனத்தாங்கல். இங்கே அழைத்து வந்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கையில் மூடி போட்ட ஒரு மங்குக் கிண்ணம் இருந்தது. கோப்பியின் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்கடி புள்ள அவன்? சூடா இருக்கறப்பவே திங்கணும்."

"என்ன அத்தே அது?"

செல்லம்மா பெருமையாக மூடியைத் திறந்தார். நல்லெண்ணெய் வாசம் சமையலறையை நிறைத்தது. குழைந்த சோறு. அதில் ஈரல் வறுவல், ஈரலைவிட அதிகமாகச் சின்ன வெங்காயம், பொன்னிறமாக வதக்கியது. அதன் மேல் பூண்டுக் குழம்பு. முழுப் பூண்டுகள் எண்ணெயில் பளபளவென்று மிதந்தன.

பமீலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாகக் கோப்பியின் வாயில் பூண்டு வாடை அடித்தது. அப்பா சமைக்கிற லட்சணத்தில் வீடே நாறுகிறது என்றல்லவா நினைத்தாள்.

கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. போன மாதம் டாக்டரம்மா ரத்தம் கம்மி என்று சொன்னது மனசிலேயே கிடந்து, போன வாரம் மைக்கல் அண்ணன் வந்து கேட்டாராம். ரத்தம் ஊற வைக்க செல்லம்மாவுக்குத் தெரியாததா? காலையில் ஈரல், மத்தியானம் பூண்டுக் குழம்பு, சாயங்காலம் மறுபடி ஈரல். வெங்காயம் உரித்துக் கொடுத்ததெல்லாம் அண்ணன்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. முதல் இரண்டு நாள் கோப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் ஈரல் ருசி பழகிவிட்டது. சோர்ந்து போனதும் அண்ணன் பூண்டைக் கூட்டச் சொன்னார்; கூட்டியாகிவிட்டது.

"அது ஆம்பள நாய், அத்தே."

"ரத்தத்துக்கு ஆம்பள என்னா பொம்பள என்னா."

பமீலா கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். டாக்டர் சுபா உடனே கூப்பிட்டார். வேகமாகப் பேசினார், ஒரு வார்த்தையும் தப்பாமல். வெங்காயம், பூண்டு இரண்டும் மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது. நாயின் ரத்த அணுவை உடைக்கும். பூண்டு இன்னும் மோசம். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. தினமும் சேரச் சேர இப்படித்தான் ஆகும். உண்ணிக் காய்ச்சலில் பாதி ரத்தம் போய், மருந்தில் தேறி வந்தவனை மறுபடி கீழே இழுத்துவிட்டது. காரணம் தெரிந்துவிட்டது, நல்லது. ஆனால் கோப்பியிடம் மிச்சம் இருக்கிற ரத்தம் பொழுது சாயும்வரை தாங்குமா என்பது சந்தேகம். இன்னொரு நாயின் ரத்தம் வேண்டும். பெரிய நாய், உண்ணி இல்லாத நாய், தடுப்பூசி போட்ட நாய். இருக்கிறதா?

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அப்பா. டாக்டர் என்ன சாப்பிடுதுன்னு கேட்டாங்களே. ஈரலு, பூண்டுக் குழம்பு, ஏன் சொல்லல?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.

"அது சாப்பாடு இல்லம்மா," என்றார் மைக்கல்ராஜ். "பத்தியம்லா. அவுங்க சாப்பாட்டத்தான கேட்டாங்க."

பமீலாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? உரித்த வெங்காயத்துக்குக் கண்ணீர் விட்ட அப்பாவையா? எதிரே செல்லம்மா, மூடியைக் கையில் வைத்தபடி, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் கொன்னுட்டேனாடி என்று கேட்ட குரல் அவருடையது மாதிரியே இல்லை.

இன்னும் சாகவில்லை என்று சொல்லிவிட்டு பமீலா ஓடினாள். தோட்டத்தில் பெரிய நாய் ஒன்றுதான் இருக்கிறது.

*

ஆபீஸ் எதிரே மர நிழலில் ஆட்கள் மத்தியானச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வேடிக்கை பார்த்த அதே முகங்கள். நடுவில் சன்னாசி. அவன் போட்ட எலும்பை மண்டோர் கடித்துக்கொண்டிருந்தது.

பமீலா மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். எலி மருந்து இல்லை. எங்கள் வீட்டுத் தப்பு. கோப்பிக்கு ரத்தம் வேண்டும், இப்போதே. உங்கள் நாய் கொடுத்தால்தான் உண்டு. அதற்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம் சோர்வாக இருக்கும், டாக்டர் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

சன்னாசி விரலை நக்கி முடித்தான்.

"மண்டோருக்கு வருசா வருசம் ஊசி போடுறேன். உண்ணி கிண்ணி ஒண்ணும் கெடையாது. ரத்தத்துக்கென்ன, எடுத்துக்க. ஆனா காலையில உங்கப்பா இத்தன பேரு முன்னால என்னை வெசம் வெச்சவன்னு சொன்னாரு. நாளைக்கும் நான் இவுங்களோடதான் வேல செய்யணும். அவரு வந்து கேக்கட்டும்."

"அவரு லோபாக்ல இருக்காருண்ணே. போய்க் கூட்டிட்டு வர்ற வரைக்கும் அது தாங்காது."

"போன் இருக்குல்ல."

அவள் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அப்பா வேறு நாயே இல்லையா என்றார். ரெம்பாவில் அவருக்குத் தெரிந்த ஒருவர் அல்சேஷன் வளர்ப்பதாகச் சொன்னார். இந்தோனேசியாவுக்கே போய்ப் பிடித்து வரச் சொல்லுவார் போலிருந்தது.

"அப்பா, கோப்பியோட ஒதட்டத் தூக்கிப் பாருங்க," என்றாள் பமீலா. "பாத்துட்டுச் சொல்லுங்க, ரெம்பாவுக்குப் போகவான்னு."

கிளினிக்கில் ஏதோ மெஷின் சத்தம். அப்பாவின் மூச்சு.

"ஸ்பீக்கர்ல போடு."

அவள் போனை நீட்டிப் பிடித்தாள். சோற்றைப் பிசைந்த கைகள் நின்றன. மைக்கல்ராஜ் தொண்டையைச் செருமினார். லோபாக்கில் வெயில் அதிகமாக இருப்பதாகச் சொன்னார். சன்னாசியின் அப்பா நல்ல மனுஷன் என்றார். இந்தத் தோட்டத்தில் எலி மருந்து வைப்பது அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று ஆரம்பித்தார்.

"அப்பா."

"சரிலா, சரிலா." மறுபடி செருமல். "சன்னாசி. வெசம் நீ வெக்கலப்பா. என் வீட்டு அடுப்புலதான் இருந்துச்சு. நானே உரிச்சுக் குடுத்தேன். காலையில நான் பேசுனது தப்பு. எல்லாரும் கேக்கறீங்கதான? தப்பு. மண்டோரக் குடு."

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். சன்னாசி சிரிக்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தை மடித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தான்.

"மண்டோர். காடியில ஏறுடா."

*

மண்டோர் மேசைமேல் படுத்து ரத்தம் கொடுத்த நேரம் முழுக்கச் சன்னாசி அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம் அந்தப் பை கோப்பியின் தலைக்கு மேல் தொங்கியது. சொட்டுச் சொட்டாக. மைக்கல்ராஜ் அதற்குக் கீழே நாற்காலியைப் போட்டு, சொட்டு விழுவதை மேற்பார்வை பார்த்தார். கொஞ்சம் வேகமாக விடக்கூடாதா என்று ஒருமுறை கேட்டார். கூடாது என்றார் டாக்டர். அப்படியானால் கேரலுக்கும் பூண்டு கொடுக்க வேண்டாமா, பால்குடிப் பிள்ளை இருக்கிறதே என்று இன்னொருமுறை கேட்டார். உங்க மகள் நாய் இல்லை ஐயா என்று டாக்டர் சுபா சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்தபோது டாக்டர் கோப்பியின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் லேசாக, மிக லேசாக, ஒரு சிவப்புத் திரும்பி வந்தது. இனி பயமில்லை என்று அவர் சொல்லவில்லை. சில நாள் இங்கேயே இருக்கட்டும், புது ரத்தம் உடையாமல் நின்றால் பிழைத்துக்கொள்வான் என்றார். யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை அப்பாவைப் பார்த்து.

திரும்பும்போது சன்னாசி முன்சீட்டில். பின்சீட்டில் அப்பாவும் மண்டோரும். ரத்தம் கொடுத்த அசதியில் அந்தக் கறுப்புத் தலை அவர் மடியில் சரிந்தது. அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார். பிறகு அதன் கழுத்தில் வைத்தார்.

லாபு திருப்பத்துக்கு வருமுன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் டாக்டர் சுபா. கோப்பி தலையைத் தூக்கிவிட்டான், தண்ணீர் குடித்தான், இரண்டு வாய் அவித்த கோழி தின்றான் என்றார்.

பமீலாவுக்குக் கண் கலங்கி ரோடு மங்கியது. காடியை ஓரம் கட்டினாள். சன்னாசி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பின்சீட்டிலிருந்து அப்பா, மண்டோரின் தலை நழுவாமல் பிடித்தபடி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் முகத்தை நீட்டினார்.

"டாக்டரம்மா, வெறும் கோழியா? அவனுக்கு வெறும் கோழின்னா எறங்காது. இத்துனூண்டு மிளகு ரசம் ஊத்தி..."

பமீலா போனைக் கட் பண்ணி, சன்னாசியின் மடியில் போட்டு, காடியை எடுத்தாள்.